பட்டாளத்து அதிகாரிக்கு ஓ.ஆர். சொல்லித்தருவது எப்படி?

"கல்லூரியில் எம்.இ. மாணவர்களுக்கு ஓ.ஆர். (ஆபரேஷன்ஸ் ரிசர்ச், அதாவது நடைமுறை முடிவுகளைக் கணக்குப் போட்டு எடுக்கும் துறை) நடத்துகிறேன். சிம்ப்ளெக்ஸ், டிரான்ஸ்போர்ட்டேஷன், க்யூயிங், பெர்ட் என்று யூனிட் வாரியாக முடித்துவிடுகிறோம். அமெரிக்கக் கடற்படையின் முதுகலைப் பள்ளியில் இதே பாடத்தை நிஜமான ராணுவப் பிரச்சினைகளில் பயன்படுத்தப் பழக்குகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அங்கே அப்படி என்ன வித்தியாசமாகச் செய்கிறார்கள்? அதில் எதையாவது இங்கே செய்ய முடியுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் ஒரு சின்னத் திருத்தம். நீங்கள் நடத்திக்கொண்டிருப்பதே ராணுவப் பாடம்தான். சீருடையைக் கழற்றி, வேட்டி கட்டி நம்மிடம் அனுப்பியிருக்கிறார்கள், அவ்வளவே. கட்டுப்பாடுகளுக்குள் சிறந்த விடையைத் தேடும் சிம்ப்ளெக்ஸ் முறையை ஜார்ஜ் டான்ட்சிக் 1947ல் கண்டுபிடித்தபோது பென்டகனில், விமானப்படையின் திட்டமிடும் வேலையில் இருந்தார். பெரிய திட்டத்தின் வேலைகளுக்கு நேரம் கணிக்கும் பெர்ட் 1958ல் போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக அமெரிக்கக் கடற்படை உருவாக்கியது. நெட்வொர்க் பாடத்தில் 'பெரும ஓட்டம், சிறும வெட்டு' என்று ஒரு தேற்றம் நடத்துவோமே, அதன் பின்கதை இன்னும் சுவாரசியம். 1955ல் ராண்ட் என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனத்துக்காக ஹாரிஸ், ராஸ் என்ற இருவர் சோவியத் யூனியனிலிருந்து கிழக்கு ஐரோப்பாவுக்குப் போகும் ரயில் பாதைகளை 44 புள்ளிகளும் 105 இணைப்புகளும் கொண்ட படமாக வரைந்தார்கள். எங்கெங்கே அறுத்தால் மொத்தப் போக்குவரத்தும் நிற்கும் என்று பார்த்து, 1,63,000 டன் கொள்ளளவுள்ள ஒரு வெட்டைக் குறித்தார்கள். அந்த அறிக்கை 1999 வரை ரகசியமாக இருந்தது. நம் பிள்ளைகள் நோட்டில் 'வெட்டு' என்று கோடு போடும் இடத்தில் அவர்கள் நிஜமாகவே குண்டு போடுவதைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தார்கள். வரிசைகளைப் பற்றிய க்யூயிங் மட்டும் விதிவிலக்கு. அது கோபன்ஹேகன் டெலிஃபோன் நிலையத்தில் எர்லாங்கிடம் பிறந்த பிள்ளை.

ஆக, பாடத்திட்டத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. வகுப்பில் யார் உட்கார்ந்திருக்கிறார், கணக்கு எங்கிருந்து வருகிறது, விடையை யாரிடம் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்ற மூன்றில்தான் எல்லா வித்தியாசமும் இருக்கிறது.

அந்தப் பள்ளி கலிஃபோர்னியாவின் மான்டரேயில், ஒரு காலத்தில் ஹோட்டல் டெல் மான்ட்டே என்ற ஆடம்பர விடுதியாக இருந்த கட்டடத்தை மையமாகக் கொண்டது. ஓ.ஆர். படிப்பு அங்கே 1951ல் தொடங்கியது. மாணவர்கள் பெரும்பாலும் பணியில் இருக்கும் அதிகாரிகள்: கப்பலில் நாலைந்து வருடம் இருந்தவர், ஹெலிகாப்டர் ஓட்டியவர், தரைப்படையில் சப்ளை பார்த்தவர், நட்பு நாடுகளிலிருந்து வந்தவர். ஏறக்குறைய இரண்டு வருடப் படிப்பு. நடுவில் சில வாரங்கள் ஏதாவது ஒரு படைத் தலைமையகத்துக்கோ ஆய்வு அலுவலகத்துக்கோ போய் உட்கார வேண்டும். பெரும்பாலும் அங்கே கிடைக்கும் பிரச்சினைதான் ஆய்வேடாக மாறும். நான் அங்கே படித்தவன் இல்லை. ஆனால் ரகசியம் இல்லாத ஆய்வேடுகளைப் பொதுவில் வைத்திருக்கிறார்கள். பல வருடமாக அவற்றைப் படித்துத்தான் என் வகுப்பையே மாற்றிக்கொண்டேன்.

நம் மாணவனுக்குக் கணக்கு வரும், பிரச்சினை தெரியாது. அங்கே வருபவருக்குப் பிரச்சினை மூச்சுமுட்டத் தெரியும், கணக்கு மறந்துபோயிருக்கும். கால்குலஸ் தொட்டுப் பத்து வருடம் ஆகியிருக்கும். அதனால் முதல் சில மாதங்கள் நிகழ்தகவையும் கணிதத்தையும் தூசி தட்டுவதிலேயே போகும். இது சுலபமான பகுதி. இவருக்கு 'நடைமுறை இப்படித்தான்' என்று மனசில் ஊறிப்போயிருக்கும். அதை அசைப்பதுதான் கஷ்டம். ஒரு கணக்கைப் போட்டுக் காட்டி அசைக்க முடியாது. அவரே ஒரு தப்பான விடையைச் சொல்லி, அது தப்பு என்று அவரே கண்டுபிடிக்க வேண்டும்.

அதற்கென்றே இந்தத் துறையில் சில பழைய கதைகள் உண்டு. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கக் கடற்படைக்கு நீர்மூழ்கி எதிர்ப்பு ஆய்வுக் குழுவை நடத்திய பிலிப் மோர்ஸும் அவருடன் இருந்த ஜார்ஜ் கிம்பாலும் பதிவு செய்தவை. எனக்குப் பிடித்தது சரக்குக் கப்பல் பீரங்கி. மத்தியதரைக் கடலில் பிரிட்டிஷ் சரக்குக் கப்பல்களை எதிரி விமானங்கள் அடித்துக்கொண்டிருந்தன. செலவு செய்து, ஆட்களைப் பயிற்றுவித்து, கப்பல்களில் விமான எதிர்ப்புப் பீரங்கி வைத்தார்கள். கணக்கெடுத்துப் பார்த்தால், தாக்க வந்த விமானங்களில் சுமார் 4 சதவீதத்தைத்தான் அவை வீழ்த்தியிருக்கின்றன. பீரங்கிகளைக் கழற்றி வேறு எங்காவது வைக்கலாமா?

வகுப்பில் இந்த இடத்தில் நிறுத்திவிட வேண்டும். பத்துப் பேரில் எட்டுப் பேர் "கழற்றலாம்" என்பார்கள். ஒருவர் மாலுமிகளின் மனத்தைரியம் என்று ஏதாவது சொல்வார். யாராவது ஒருவர், "அது சரி சார், பீரங்கி எதுக்கு வெச்சாங்க?" என்று கேட்கும்வரை காத்திருக்க வேண்டும். சில வருடம் யாரும் கேட்கமாட்டார்கள், நாமே கேட்க வேண்டியிருக்கும். பீரங்கி வைத்தது விமானத்தை வீழ்த்த இல்லையே, கப்பலைக் காப்பாற்றத்தானே? அந்தக் கணக்கைப் பார்த்தால், தாக்கப்பட்ட கப்பல்களில் பீரங்கி இல்லாதவை 25 சதவீதம் மூழ்கின, பீரங்கி இருந்தவை 10 சதவீதம் மூழ்கின. சுடும் சத்தத்திலேயே விமானி உயரத்தில் இருந்துகொண்டு குறி தவறவிடுகிறான். பீரங்கி கப்பலிலேயே இருந்தது.

இந்த 4க்கும் 25–10க்கும் நடுவில்தான் மொத்தப் படிப்பும் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். கணக்கு இரண்டிலும் சரிதான். அளந்த பொருள்தான் வேறு. எதை அளப்பது என்று தீர்மானிப்பதை 'பயன் அளவீடு' என்று வைத்துக்கொள்வோம். மான்டரே ஆய்வேடுகளில் இதற்குத் தனியாகப் பக்கங்கள் ஒதுக்கியிருப்பார்கள். நம் கேள்வித்தாளில் 'லாபத்தைப் பெருமமாக்கு' என்று நாமே அச்சடித்துக் கொடுத்துவிடுகிறோம். மாணவன் யோசிக்க வேண்டிய ஒரே இடத்தையும் அடைத்துவிடுகிறோம்.

அடுத்தது தட்டு கழுவும் கதை. அதே இருவர் பதிவு செய்தது. ஒரு ராணுவ முகாமில் சாப்பிட்டபின் சிப்பாய்கள் தங்கள் தட்டுகளைக் கழுவ நீண்ட வரிசையில் நின்றார்கள். நாலு தொட்டி: இரண்டு சோப்புத் தண்ணீருக்கு, இரண்டு அலசுவதற்கு. புதிதாக வந்த ஒருவர் நின்று கவனித்தார். தேய்க்க ஆகும் நேரம் அலச ஆகும் நேரத்தைப்போல மூன்று மடங்கு. மூன்று தொட்டியைத் தேய்க்கவும் ஒன்றை அலசவும் மாற்றச் சொன்னார். வரிசை வெறுமே குறையவில்லை, பெரும்பாலான நாட்களில் வரிசையே இல்லாமல் போனது.

ஏன் இல்லாமலே போனது என்பதைக் கரும்பலகையில் போட்டுக் காட்டலாம். ஒரு பேச்சுக்குத் தேய்க்க 3 நிமிடம், அலச 1 நிமிடம் என்று வையுங்கள். இரண்டு தேய்ப்புத் தொட்டியில் மணிக்கு 40 பேர்தான் தாண்ட முடியும். அலசும் பக்கம் 120 பேருக்கு இடம் சும்மா கிடக்கிறது. மணிக்கு 50 பேர் வந்தால் வரிசை வளர்ந்துகொண்டே போகும். மாற்றியபின் தேய்ப்பிலும் 60, அலசுவதிலும் 60. ஐம்பது பேரும் நிற்காமல் போய்விடுவார்கள். புதுத் தொட்டி ஒன்றுகூட வாங்கவில்லை.

இதை நான் ஒருமுறை நடத்திவிட்டு, மாணவர்களை எங்கள் ஹாஸ்டல் மெஸ்ஸுக்கு அனுப்பினேன். காலை தோசை நாளில் வரிசை வராண்டா வரை வரும். பிள்ளைகள் ஸ்டாப்வாட்சோடு மூன்று நாள் நின்று, வருகை விகிதம், சேவை விகிதம் எல்லாம் எடுத்து, இன்னொரு கவுன்டர் போட வேண்டும் என்று அழகான அறிக்கை கொண்டுவந்தார்கள். தோசை மாஸ்டரிடம் பேசினீர்களா என்று கேட்டேன். பேசவில்லை. மறுநாள் நானும் போனேன். மாஸ்டர் சொன்னார்: "கவுன்டர் எதுக்கு சார்? ஏழரைக்கு இட்லி அண்டாவை இறக்குற வரைக்கும் ரெண்டாவது கல்லுக்கு அடுப்பு கிடையாது. பசங்க எல்லாம் ஏழேகாலுக்கு வந்துடறாங்க." இட்லி அண்டாவைக் கால் மணி நேரம் முன்னால் ஏற்றினார்கள், வேலை முடிந்தது. மூன்று நாள் எடுத்த தரவில் அடுப்பு என்ற சொல்லே இல்லை. எனக்கும் அதுவரை தோன்றவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மோர்ஸ் தன் ஆட்களை அலுவலகத்திலேயே வைத்துக்கொள்ளாமல் விமானத் தளங்களுக்கும் கடற்படைத் தளங்களுக்கும் அனுப்பிக்கொண்டே இருந்தது இதற்குத்தான். மான்டரேயில் நடுவில் சில வாரம் வெளியே அனுப்புவதும் அந்தப் பழக்கத்தின் தொடர்ச்சி என்றுதான் பார்க்கிறேன்.

மோர்ஸும் கிம்பாலும் இன்னொன்றும் சொன்னார்கள், என் வகுப்பில் சுவரில் ஒட்டி வைக்கலாமா என்று யோசித்த விஷயம் அது. போர்க்கள எண்கள் அவ்வளவு கரடுமுரடானவை. அதனால் மூன்று மடங்கு வித்தியாசத்தைத் தேடு, பத்து சதவீதத்தை விட்டுவிடு. இந்த மூன்று மடங்குக்கு 'ஹெமிபெல்' என்றுகூட ஒரு பெயர் வைத்தார்கள், பத்தின் வர்க்கமூலம். கோட்பாட்டுப்படி கிடைக்க வேண்டியதற்கும் நடப்பில் கிடைப்பதற்கும் மூன்று மடங்குக்குள் வித்தியாசம் இருந்தால் அதை நோண்டாதே, அதற்கு மேல் போனால் அங்கே ஏதோ இருக்கிறது, போய்ப் பார். நம் மாணவர்கள் கணிப்பொறி கொடுத்த விடையை நாலு தசம ஸ்தானம் வரை எழுதி வருவார்களே, அவர்களுக்கு இதைவிட நல்ல மருந்து தெரியாது.

இனி கொஞ்சம் கனமான உதாரணம், நிபந்தனை நிகழ்தகவு நடத்தும்போது உங்களுக்கு உதவும். பிரிட்டனின் கரையோரக் காவல் விமானங்கள் ஜெர்மன் நீர்மூழ்கிகள்மேல் ஆழ்குண்டு போடும். குண்டு 100 அடி ஆழத்தில் வெடிக்கும்படி வைத்திருந்தார்கள். காரணம் நியாயமானது: விமானத்தைப் பார்த்ததும் நீர்மூழ்கி மூழ்கும், விமானம் மேலே வந்து சேர்வதற்குள் சராசரியாக அந்த ஆழத்துக்குப் போயிருக்கும். பிரிட்டிஷ் இயற்பியலாளர் பிளாக்கெட்டின் ஆய்வுக் குழுவில் இருந்த ஈ. ஜே. வில்லியம்ஸ் அந்தச் 'சராசரி'யைப் பிரித்துப் பார்த்தார். முன்கூட்டியே பார்த்து 100 அடி போய்விட்ட நீர்மூழ்கி பக்கவாட்டில் எங்கே இருக்கிறது என்று விமானிக்குத் தெரியாது. ஆழம் சரியாக இருந்தாலும் இடம் தவறும். கடைசி நொடியில் பார்த்த நீர்மூழ்கி இன்னும் மேற்பரப்பில், கண்ணெதிரே, துல்லியமாகக் குறிவைக்கும்படி இருக்கிறது. அதன்மேல் போடும் குண்டு 100 அடி கீழே போய் வெடித்து வீணாகிறது. அடிக்கவே முடியாததற்கு ஆழம் சரிசெய்து, அடிக்கக்கூடியதைக் கோட்டைவிட்டுக்கொண்டிருந்தார்கள். ஆழத்தை 25 அடிக்குக் கொண்டுவரச் சொன்னார் வில்லியம்ஸ். மாற்றியபின், பிடிபட்ட ஜெர்மன் மாலுமிகள் பிரிட்டிஷார் புது வெடிமருந்து கண்டுபிடித்துவிட்டார்கள் என்றே நினைத்தார்களாம்.

இதையும் நேரடியாகச் சொல்லாமல், "சராசரி ஆழம் 100 அடி, குண்டை எந்த ஆழத்துக்கு வைப்பாய்?" என்று கேளுங்கள். எல்லோரும் நூறு என்பார்கள். அப்புறம் வகுப்பு தானாக நடக்கும்.

விமானத்தில் குண்டு துளைத்த இடங்களைப் பார்த்து, துளை இல்லாத இடத்துக்குக் கவசம் போடச் சொன்ன புள்ளியியலாளர் ஆபிரகாம் வால்டின் கதையை விட்டுவிட்டேனே என்று நினைக்கலாம். வேண்டுமென்றேதான். அது இணையத்தில் தேய்ந்துபோன கதை. அந்தச் சிவப்புப் புள்ளி வைத்த விமானப் படமும் பின்னாளில் யாரோ விளக்கத்துக்கு வரைந்தது. வால்ட் 1943ல் எழுதிய குறிப்புகளில் படம் கிடையாது. திரும்பி வந்த விமானங்களின் துளைக் கணக்கிலிருந்து, ஒரு துளை, இரண்டு துளை, மூன்று துளை பட்டால் பிழைக்கும் வாய்ப்பு எவ்வளவு என்று மதிப்பிடும் முறை இருக்கிறது. அந்த முறையை நடத்தினால் பிரயோஜனம் உண்டு. கதையை மட்டும் சொன்னால் மாணவன் கைதட்டிவிட்டுப் போய்விடுவான்.

தேடல் கோட்பாடு உங்கள் பாடத்திட்டத்தில் இருக்காது, ஆனால் ஒரு மணி நேரத்தில் நடத்திவிடலாம். போர்க்காலத்தில் பெர்னார்ட் கூப்மன் உருவாக்கியது, மான்டரேயில் இன்றும் தனிப் பாடம். 10,000 சதுர கடல்மைல் பரப்பில் ஒரு படகு காணாமல்போயிருக்கிறது. விமானம் மணிக்கு 150 கடல்மைல் வேகம், இருபுறமும் சேர்த்து 10 கடல்மைல் அகலத்துக்குப் பார்க்கிறது. மணிக்கு 1,500 சதுர கடல்மைல் பெருக்குகிறது, வீடு பெருக்குவதுபோலத்தான். 6 மணி 40 நிமிடத்தில் மொத்தப் பரப்பளவுக்குச் சமமாகப் பெருக்கி முடித்தாயிற்று. படகு கிடைத்திருக்குமா? கோடு பிசகாமல் பெருக்கியிருந்தால் கட்டாயம் கிடைக்கும். காற்று, ஓட்டம், களைப்பு எல்லாம் சேர்ந்து பாதை குலைந்து, சில இடம் இரண்டு முறை, சில இடம் ஒரு முறைகூட இல்லை என்று போனால் வாய்ப்பு 63 சதவீதம்தான். இன்னொரு அதே அளவு நேரம் தேடினால் 86. ஒரு மடங்கு எரிபொருளுக்கு 23 சதவீதம்தான் கூடுகிறது. கடலில் தேடப் போன அனுபவம் உள்ள அதிகாரி இந்த 63ஐப் பார்த்ததும் நிமிர்ந்து உட்காருவார். "நாங்க முழுசாத் தேடினோம், அங்க இல்ல" என்று தான் எழுதிய அறிக்கை ஏதாவது ஞாபகம் வந்திருக்கும்.

கடற்படை அதிகாரிகள் நிரம்பிய வகுப்பில் அதிகம் பேசப்படுவது வேய்ன் ஹியூஸின் சால்வோ மாடல், அதாவது ஏவுகணைகளை ஒரே வீச்சில் விட்டுக்கொள்ளும் கப்பல் சண்டைக்கான கணக்கு என்று நினைக்கிறேன். ஹியூஸ் கப்பல்களுக்குத் தலைமை தாங்கி ஓய்வுபெற்ற கேப்டன், மான்டரேயில் பல பத்தாண்டுகள் பாடம் நடத்தி 2019ல் மறைந்தார். 1995ல் வந்த அவருடைய கட்டுரையின் சமன்பாட்டுக்குப் பெருக்கல், கழித்தல், வகுத்தல் போதும். இரு பக்கமும் ஏவுகணைக் கப்பல்கள். 'அ' அணியில் 3 கப்பல், 'ஆ' அணியில் 2. ஒவ்வொரு கப்பலும் ஒரே வீச்சில் 4 ஏவுகணை குறிதவறாமல் விடும், வருவதில் 2ஐத் தடுக்கும், 2 ஏவுகணை பட்டால் செயலிழக்கும் என்று நான் எண் வைத்துக்கொள்கிறேன். இரு அணியும் ஒரே நேரத்தில் விட்டால், 'அ' 12 விடுகிறது, 'ஆ' 4ஐத் தடுக்கிறது, 8 படுகிறது. இரண்டு கப்பலை முடிக்க 4 போதும், அணியே முடிந்தது. 'ஆ' 8 விடுகிறது, 6 தடுக்கப்படுகிறது, 2 படுகிறது. 'அ'வுக்கு ஒரு கப்பல் நஷ்டம். 'ஆ' முந்திக்கொண்டு சுட்டாலும் பயன் இல்லை: மிஞ்சிய 2 கப்பல் 8 விட்டு, 4 தடுக்கப்பட்டு, 4 பட்டு, 'ஆ' அணி முடிந்துவிடும்.

இப்போது 'ஆ' கப்பல் ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு ஏவுகணை கூட்டுங்கள், 5. மொத்தம் 10, 6 தடுக்கப்பட்டு 4 படுகிறது, 'அ'வின் நஷ்டம் ஒன்றிலிருந்து இரண்டாகிறது. அதோடு 'ஆ' முந்திக்கொண்டால்? மிஞ்சிய ஒற்றைக் கப்பல் 4 விடுகிறது, நான்கும் தடுக்கப்படுகிறது. 'ஆ'வுக்கு ஒரு கீறல்கூட இல்லை. ஒரு ஏவுகணை, ஒரு நிமிட முந்தல், முடிவு தலைகீழ். பழைய பீரங்கிச் சண்டைக்கு லான்செஸ்டர் 1916ல் எழுதிய சமன்பாடுகளில் பலம் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும். இதில் படிக்கட்டில் விழுவதுபோல விழும். இந்த எண்களை மாணவர்களே மாற்றி மாற்றிப் போடட்டும். தாங்கும் சக்தியை 2லிருந்து 3 ஆக்கினால் என்ன, உளவுக்குச் செலவழித்தால் என்ன என்று அவர்களே கேட்க ஆரம்பிப்பார்கள். காகிதத்தில் பென்சிலால் போட வேண்டும். மென்பொருள் கொடுத்துவிட்டால் விடைதான் மிஞ்சும், அந்தப் படிக்கட்டு கண்ணில் படாது.

அதற்காக அங்கே கணிப்பொறி இல்லாமல் இல்லை. பெரிய போர்ச் சிமுலேஷன்களை ஆயிரக்கணக்கில் ஓட்டி, எந்தக் காரணி முடிவை ஆட்டுகிறது என்று பார்ப்பது அங்கே ஒரு தனிப் பாரம்பரியம். 22 காரணிகள் இருந்து, ஒவ்வொன்றுக்கும் இரண்டே மதிப்பு வைத்தாலும் 41 லட்சத்துக்கு மேல் சேர்க்கைகள் வரும். 2002ல் தாமஸ் சியோப்பா என்ற தரைப்படை அதிகாரி அங்கே முனைவர் ஆய்வேட்டில் தந்த அமைப்பில் 129 ஓட்டம் போதும். இதை உருவாக்கியவர் கணிதப் பேராசிரியராக இல்லாமல் படிக்க வந்த அதிகாரியாக இருந்தது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. காத்திருக்க நேரமில்லாதவருக்குத்தான் அப்படி ஒரு குறுக்குவழி தேவைப்படும்.

ஜெரால்டு பிரவுன், கெவின் வுட் போன்ற பேராசிரியர்கள் வளர்த்த இன்னொரு வழக்கம் உண்டு: மாணவனை எதிரியாக உட்கார வைப்பது. ஒரு மின்வலையோ எரிபொருள் குழாய்ப் பாதையோ கொடுத்து, பொதுவில் கிடைக்கும் தகவலை மட்டும் வைத்து, மூன்று இடத்தை மட்டும் தகர்க்க அனுமதி என்றால் எதைத் தகர்ப்பாய் என்று கணக்குப் போட்டுச் சொல்லச் சொல்வார்கள். அப்புறம், அது தெரிந்த காவல்காரனாக எதைப் பலப்படுத்துவாய்? மேலே சொன்ன 1955 ரயில் படத்தின் பேரன்தான் இது. பெரிய பாலத்தைக் காப்பது எல்லோருக்கும் தோன்றும். மாற்றுப்பாதை இல்லாத சின்ன வால்வு யாருக்கும் தோன்றாது.

இத்தனையும் வந்த பிறகும் மாணவன் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு, விடையைக் கொண்டுபோய்க் கொடுக்கும் இடம். எதிரே உட்கார்ந்திருப்பவர் இருபத்தைந்து வருடம் கடலில் இருந்தவர், அவருக்கு ஐந்து நிமிடம்தான் இருக்கிறது. மாடலை அவர் கேட்கமாட்டார். நாளைக் காலை எதை மாற்ற வேண்டும், மாற்றாவிட்டால் என்ன நஷ்டம், உன் விடை தப்பாக இருக்க என்ன காரணம் இருக்கலாம் என்று மூன்றே கேள்வி கேட்பார். மூன்றாவதற்குப் பதில் இல்லாதவனை நம்பமாட்டார்.

காவலோடு கூட்டமாகப் போகும் சரக்குக் கப்பல் அணிகளின் கணக்கில் பிளாக்கெட் செய்ததை இதற்கு உதாரணமாகக் காட்டுவேன். அட்லாண்டிக்கில் சராசரி 32 கப்பல் கொண்ட சிறிய அணிகள் 2.5 சதவீதத்தை இழந்தன, சராசரி 54 கொண்ட பெரிய அணிகள் 1.1 சதவீதத்தை. பெரிய அணியே நல்லது என்று எண் சொல்கிறது. ஆனால் கடற்படைத் தலைமை அதுவரை சிறிய அணிதான் பத்திரம் என்று நம்பியது. நாலு முட்டையை ஒரே கூடையில் வைக்காதே என்பதுபோல ஒரு நியாயம். எண்ணை மட்டும் நீட்டாமல் ஏன் என்று காரணம் கண்டுபிடிக்க அவர் குழு வாரக்கணக்கில் உட்கார்ந்தது. கப்பல்கள் இரண்டு மடங்கானால் அணியின் சுற்றளவு சுமார் 1.4 மடங்குதான் ஆகும். காவல் கப்பல் தேவை சுற்றளவைப் பொறுத்தது. நீர்மூழ்கி கண்ணில் அணி படும் வாய்ப்பு அணியின் அளவால் பெரிதாக மாறாது. உள்ளே புகுந்துவிட்ட நீர்மூழ்கி எத்தனையை மூழ்கடிக்கும் என்பதும் அணியின் அளவைப் பொறுத்ததில்லை. காரணம் கையில் இருந்ததால்தான் அட்மிரல்கள் ஒத்துக்கொண்டார்கள். தன் மகளோ மகனோ அந்தக் கப்பலில் இருந்தால் எந்த அணியில் அனுப்புவாய் என்று தன்னைத்தானே கேட்டுக்கொள்ளும் அளவுக்கு உறுதி வர வேண்டியிருந்தது.

தோற்ற கதையையும் நடத்த வேண்டும். 1942ல் ஜெர்மன் நகரங்களின் வீடுகள்மேல் குண்டு போட்டால் எத்தனை பேர் வீடிழப்பார்கள் என்று சர்ச்சிலின் அறிவியல் ஆலோசகர் லார்ட் செர்வெல் அவருக்கு ஒரு மதிப்பீடு கொடுத்தார். அது ஐந்து மடங்கு மிகை என்றார் இன்னொரு அறிவியல் ஆலோசகரான டிஸார்ட், ஆறு மடங்கு என்றார் பிளாக்கெட். போருக்குப் பிறகு பார்த்தபோது பத்து மடங்கு மிகை. ஆனால் கொள்கை செர்வெல் சொன்னபடிதான் போனது. வியட்நாமில் நடந்தது இன்னொரு வகை. எதிரிப் பிணங்களை எண்ணுவதுதான் வெற்றிக்கு அளவு என்று வைத்தார்கள். எண் ஏறிக்கொண்டே போனது, போர் தோற்றது. சரக்குக் கப்பல் பீரங்கியில் 4 சதவீதத்தைப் பிடித்துக்கொண்ட அதே தப்பு, இந்த முறை திருத்த ஆள் இல்லை. இதெல்லாம் ஆளைக் கொல்லும் கணக்குத்தானே, மாணவனுக்கு நடத்தலாமா என்று சிலர் கேட்பதுண்டு. செர்வெல் கதையைக் கேட்ட மாணவன் அந்தக் கேள்வியைத் தானே கேட்பான். கேட்கட்டும், பதிலை நான் சொல்வதில்லை.

இந்தியாவில் இந்த வேலை டில்லியில் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான டி.ஆர்.டி.ஓ.வின் ஐ.எஸ்.எஸ்.ஏ. ஆய்வகத்தில் நடக்கிறது. சுதந்திரத்துக்குப் பிறகு நேருவுக்குப் பாதுகாப்பு அறிவியலில் யோசனை சொன்னவரும் மேலே வந்த அதே பிளாக்கெட்தான். ஆனால் உங்கள் எம்.இ. மாணவனுக்கு ராணுவத் தரவு கிடைக்காது, அதற்காக அலைய வேண்டாம்.  உங்களுக்குத் தேவை விடைக்காகக் காத்திருக்கும் ஒரு நிஜ ஆள். அரசு மருத்துவமனை மருந்து கவுன்டர், ரேஷன் குடோன், ஊராட்சியின் தண்ணீர் லாரி, எதுவானாலும் சரி. ஒரு செமஸ்டரில் ஒரு யூனிட்டைக் குறைத்துவிட்டு, ஆறு வாரம் பிள்ளைகளை அங்கே அனுப்புங்கள். முதல் இரண்டு வாரம் எந்தச் சமன்பாடும் எழுதக்கூடாது என்று கண்டிஷன் போடுங்கள். கடைசி நாள் மதிப்பெண்ணை நீங்கள் போடாதீர்கள். அந்த ஆளைக் கூப்பிட்டு உட்கார வையுங்கள், அவர் "சரி, நாளைக்கே மாத்திப் பாக்கறேன்" என்கிறாரா என்று பாருங்கள்.

பஸ் டிப்போ என்று முடிவு செய்தால் மட்டும் ஒன்று சொல்கிறேன். காலை பத்து மணிக்குப் பிள்ளைகளை அனுப்பாதீர்கள். அப்போது மேனேஜர் மட்டும்தான் இருப்பார், அவர் கொடுக்கும் ரெஜிஸ்டரில் எல்லா வண்டியும் நேரத்துக்குக் கிளம்பியிருக்கும். நாலு மணிக்கு, முதல் வண்டி எடுக்கும்போது போய் டீசல் பங்க் பக்கத்தில் நிற்கச் சொல்லுங்கள்.